பெலெக்ரினோ இறக்கமும் நாலு பிரேக் பேடும்

மோந்தே பெலெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலைக் கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அந்த வாடை வந்தது. கருகிய ரப்பரும் தீய்ந்த பால் சட்டியும் கலந்தது போன்ற வாடை. பிரேக் பெடல் கல் மாதிரி நின்றது. வண்டிதான் நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஓரத்து மதிலை ஒட்டி ஒருவழியாக நிறுத்தினேன். பின் சீட்டில் இருந்த மாமி, "ஏன் தம்பி, படம் எடுக்கவோ?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழரில் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் அந்த மலை சொந்தம். பெரும்பாலோர் நடந்துதான் ஏறுவார்கள். முழங்கால் நோகிறவர்களுக்கு என் வண்டி. கல் உருண்டு சாலையை மூடாத நாட்களில் வருகிறவர்களை ஏற்றிப் போவேன். வண்டி 1996 மாடல் டொயோட்டா லேண்ட் குரூசர் 80 சீரிஸ், 4.2 லிட்டர் டீசல். வெறும் வண்டியே இரண்டே கால் டன்னுக்கு மேல். ஏழு பேரும் சாப்பாட்டுச் சட்டிகளும் ஏறினால் 2,800 கிலோவைத் தொடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எடை 400 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 11 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் 37 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு சின்னக் கலியாண வீட்டுக்கே தேநீர் போடலாம். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான். கால் எந்நேரமும் பிரேக்கிலேயே இருந்தால் அநேகமாக எல்லாமே அவற்றின் தலையில்தான் விழும்.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பெடல் கடினமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கடலோர ஊரில் வண்டி வைத்திருப்பவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றாமல், நல்ல பேட் எது என்று கேட்டுத் திரிவதில் அர்த்தமில்லை.

பலாரோ சந்தைக்குப் பின்புறம் நம்மவர் ஒருவர் பட்டறையில் வேலை செய்கிறார். சக்கரத்தைக் கழற்றிப் பேடை உருவி என் கையில் வைத்தார். முன்பு நான் இணையத்தில் மலிவாக வாங்கிப் போட்டது. முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. விளிம்பை நகத்தால் கீறினால் பிஸ்கட் போல் உதிர்ந்தது. சரி, விலை கூடிய பேடாக நாலு போட்டுவிடலாம் என்றேன். அண்ணை கேட்கவில்லை. "முன்னுக்கு எந்தப் பேட் போட்டாலும் சரிவராது தம்பி. பின் பிரேக் வேலை செய்யுதோ எண்டு முதல்ல பாப்பம்" என்று வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

அவர் தேடிப் போனது பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும் வால்வை. பின்னால் சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். வண்டி உயர்ந்து நின்றால் பின்னால் சுமை இல்லை என்று நினைத்துக் குறைத்துவிடும். என்னிடம் விற்றவர் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். அந்தக் கம்பியைச் சரிசெய்யவில்லை. ஆக, ஏழு பேர் உட்கார்ந்திருந்தும் வால்வு தன் கணக்கில் வண்டியைக் காலியாகவே வைத்திருந்தது. முன் பேட் நாலும் பின்சக்கரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்து கருகியிருக்கின்றன. உயர்த்திய வண்டி வைத்திருப்பவர்கள், எந்தக் கம்பெனி வண்டியானாலும், முதலில் இதைப் பாருங்கள். டயரைப் பெரிதாக்கினாலும் பிரேக்குக்கு வேலை கூடும். சக்கரத்தின் ஆரம் கூடக் கூட, அதே வேகத்தைக் குறைக்க டிஸ்க்கில் கூடுதல் பிடி வேண்டும்.

கம்பியைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் பேட் பேச்சுக்கு வந்தோம். இத்தாலிய மொழியில் பேடுக்கு 'பாஸ்தீலியே' என்று பெயர். மாத்திரைக்கும் அதே சொல்தான். நான் போனில் பாஸ்தீலியே விலை விசாரித்ததைக் கேட்ட மாமி, பிரஷர் கூடிவிட்டதா என்று பதறினார். பழைய மெக்கானிக்குகள் உராயும் பட்டையை 'ஃபெரோதோ' என்பார்கள். 1897இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய ஃபெரோடோ கம்பெனியின் பெயர்தான் இங்கே பொருளின் பெயராகிவிட்டது. ஃப்ரூட் தன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கலைத்து ஓர் எழுத்தைச் சேர்த்துச் செய்த பெயர் அது.

ஐரோப்பாவில் மாற்றுப் பேட் வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது பேடின் முதுகுத் தகட்டில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஈ' எழுத்தையும் பக்கத்தில் 90ஆர் என்ற எண்ணையும். அசல் பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்குள் நிற்கிறது என்பதற்கான சான்று அது. ஈ-யோடு 3 இருந்தால் சான்று இத்தாலியில் கொடுத்தது. கருகிப்போன என் பேடைத் துடைத்துப் பார்த்தேன். அந்த வட்டமே இல்லை.

அடுத்தது விளிம்பில் அச்சிட்ட இரண்டு எழுத்து. பல பேடுகளில் இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது நல்ல சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. 'எஃப்ஈ' என்றிருந்தால் சுட்டவுடன் பிடி தளரும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஆனால் இதை வேதவாக்காகவும் எடுக்கக்கூடாது. ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்யும் சோதனைக்கும் மலையிறக்கத்துக்கும் தூரம் அதிகம்.

கையில் வந்த தெரிவுகள் மூன்று. செராமிக் சத்தம் போடாது, கரித்தூளும் குறைவு, நகரத்துக்கு அருமை. கனமான வண்டியின் நீண்ட இறக்கத்துக்கு என் ஓட்டு அதற்கு இல்லை. ரேஸ் பேட் ஆசை எனக்கும் இருந்தது. அது சுட்டால்தான் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலிலேயே பிரேக் வேண்டுமே? கடைசியில், இரும்பு நார் கலந்த செமி மெட்டாலிக், இரண்டு எழுத்தும் 'எஃப்', 90ஆர் சான்றோடு. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரே கம்பெனி நாலைந்து கலவை விற்கும்போது, பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். சென்னைக்காரருக்கு வீட்டுப் பக்கத்திலேயே வசதி உண்டு. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில்தான் இருக்கின்றன.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். விடியற்காலையில் மொந்தெல்லோ பக்கத்து வெறும் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, நிறுத்தாமல், பத்துத் தடவை குறைத்தேன். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆற விட்டேன். சூட்டோடு நிறுத்திப் பெடலை அமுக்கிக்கொண்டு நின்றால், பேட் இருக்கும் இடத்தில் டிஸ்க்கில் திட்டு விழும். பிறகு ஸ்டியரிங் நடுங்கும்.

சோதனைக்கு மதோனியே மலைத்தொடருக்குப் போனேன். 1906இல் வின்சென்சோ ஃப்ளோரியோ தொடங்கிய தார்கா ஃப்ளோரியோ பந்தயம் நடந்த மலைகள். அன்றைய கார்களுக்கு முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது, 148 கிலோமீட்டர் சுற்றை மூன்று தரம் ஓட்டியிருக்கிறார்கள்! பியானோ பத்தாலியா சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கொல்லெசானோ வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். மூன்றாம் கியரில், வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு இறங்கினேன். பாதி வழியில் நிறுத்தி டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தோசைக்கல்லில் விட்டது போலச் சீறி ஓடியது. ஆனாலும் கடைசி வளைவில் பெடல் முதல் வளைவில் இருந்த உயரத்திலேயே இருந்தது, பிடியும் அதே. வாடை இல்லை.

குறைகள் இல்லாமலில்லை. காலைக் குளிரில் முதல் இரண்டு அழுத்தலுக்குப் பிடி கொஞ்சம் மந்தம். ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிறது. பலாரோவில் மீன் கூவி விற்பவரே திரும்பிப் பார்க்கிறார். வெள்ளை ரிம் நாலு நாளில் கறுத்துவிடும். கழுவும்போது வாயால் ஊதாதீர்கள். இத்தாலி ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 1992இல்தான், அதற்கு முந்திய பழைய வண்டிகளில் எது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. இரும்பு கலந்த பேட் டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள், பேட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

என் முன் டிஸ்க் இன்னும் ஒரு செட் பேடுக்குத் தாங்கும் என்கிறார் அண்ணை. பின் பேட் நாலும் பழையவைதான். இத்தனை காலம் வேலையே செய்யாததால் புதிது போல இருக்கின்றன.