தாய்–சேய்ப் பிணைப்பு ஆய்வுகள்: ஒரு திறனாய்வு

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், மூழ்குபவன் தோணியில் கயிறு பிடிப்பவனை நம்பியே கடலில் இறங்குவான். தாய்–சேய்ப் பிணைப்பைப் பற்றிய ஆய்வுகளை வாசிக்கும் நாமோ, மூழ்குகின்ற தாயை மட்டும் காண்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனத்துக்கென ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கை, இடையறாத தாயன்பு சேயின் மனநலத்துக்கு இன்றியமையாதது என நாட்டிற்று. சமுதாயம் பெற்றோரைத் தாங்கவேண்டும் என்றும் அவர் அதிலேயே வற்புறுத்தியிருந்தார். அதனை மறந்து, முன்னதையே தாய்மார்மேல் சுமத்தினோம். (ஏசாயா 49:15-ஐயும் நம்மவர் பாதியில் நிறுத்திவிடுவதுண்டு. தாயும் மறக்கக்கூடும் என அவ்வசனம் ஒப்புக்கொள்கிறதே!)

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சந்திரன், தர்யன் முதலியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் அரியது. கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கருவுற்ற பெண்கள் 359 பேரைக் கண்டு, அவருள் 301 பேரை மகப்பேற்றின்பின் மீண்டும் வினவினர். புதிதாக மனச்சோர்வுற்றோர் நூற்றுக்குப் 11 பேர். குறைந்த வருவாய், ஆண்மகவை விரும்பிய வீட்டில் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்குத் துணையின்மை ஆகியவை அச்சோர்வோடு தொடர்புடையனவாய்க் காணப்பட்டன. தாயின் அன்புக் குறைவு இப்பட்டியலில் எங்கே?

எனினும் அவ்வாய்வு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களோடு நின்றுவிடுகிறது. நம் கரையில் அப்போது பெண் பெரும்பாலும் தாய்வீட்டிலேயே இருப்பாள். கைக்குழந்தையை விட்டு உப்பளத்துக்குக் கூலிக்குத் திரும்பும் மாதங்கள் பின்னரே வருகின்றன. சேயின் பிணைப்பையோ அது அளக்கவேயில்லை. உப்பளப் பெண்களிடையே ஓராண்டேனும் தொடரும் ஆய்வு வேண்டும்.