இராவணன் யாருக்குக் கடன்பட்டவன்?

திருகோணமலை மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இராவணனை வெறுப்பது கொஞ்சம் கஷ்டம். ஊரே அவனுக்காகச் சாட்சி சொல்கிறது. கோணேசர் மலையில் கடலைப் பார்த்துப் பிளந்து கிடக்கும் பாறைக்கு இராவணன் வெட்டு என்று பெயர். நோயில் கிடந்த தாயால் கோயிலுக்கு வர முடியவில்லை, மலையையே பெயர்த்து அவளிடம் கொண்டுபோகப் பார்த்தான், வாள் இறங்கிய இடம் இது என்கிறது ஐதீகம். அநுராதபுர வீதியில் கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூட்டில் தண்ணீர். தாய் இறந்துவிட்டாள் என்று கிழவர் வேடத்தில் வந்த விஷ்ணு சொன்னதை நம்பி, கிரியை செய்வதற்காக அவன் நிலத்தில் குத்திய ஏழு இடங்களாம். இன்றைக்கும் சைவ மக்கள் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகிறார்கள். தாய்க்கு மகன் செய்த கடமைக்கு இதைவிட நல்ல நினைவிடம் எந்த வில்லனுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இந்த இரண்டு கதையிலும் சீதை இல்லை. இராவணனுக்காகப் பேசுகிறவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், பெரும்பாலும் இதே ஆள்தான் காணாமல் போயிருக்கிறாள். அதனால்தான் இந்த வழக்கை இன்னொரு தடவை விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது.

விசாரிக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இதே மாவட்டத்துக் கிண்ணியா முஸ்லிம்களாகிய எங்களுக்கு இராவணனில் பங்கில்லை, அதுதான் தகுதி. தமிழருக்கு அவன் சிவபக்தன், வீணை வல்லவன். சிங்களவர் பலருக்கு அவன் ஆதி விஞ்ஞானி, விமானம் ஓட்டிய அரசன். இலங்கைப் பொறியியலாளர்கள் செய்து 2019 இல் விண்ணுக்குப் போன சிறு செயற்கைக்கோளுக்கு 'இராவணா-1' என்று பெயர் வைத்தார்கள். 2020 இல் அரசின் விமான சேவைத் துறை, இராவணனின் விமானப் பயணம் பற்றி ஆவணம் வைத்திருப்பவர்கள் தந்துதவும்படி பத்திரிகையில் விளம்பரமே போட்டது. யார் என்ன அனுப்பினார்கள் என்று அறிய எனக்கும் ஆசைதான். 'இராவணா பலய' என்ற பௌத்த அமைப்பு மாடறுப்புக்கு எதிராகக் கிளம்பியபோது அந்தப் பெயர் எங்கள் காதில் வேறு மாதிரி விழுந்தது உண்மை. அதற்கு இராவணன் பொறுப்பாளி இல்லை. அந்தக் கணக்கை இங்கே சேர்க்கவில்லை.

வில்லனுக்கு இரங்கலாமா, அவன் திருந்தி மீள இடம் கொடுக்கலாமா என்று இன்றைய பிள்ளைகள் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து அடிபடுவதைப் பார்த்துச் சில பெரியவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க எங்களுக்கு உரிமையில்லை. 1939 இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து தமிழ் மேடை இதைத்தானே செய்து வருகிறது? வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா, வீடணன் துரோகியா என்று வழக்காடு மன்றம் வைத்து, நடுவர் போட்டு, கைதட்டல் வாங்கியிருக்கிறோம். கார்ட்டூனும் இந்த வழக்குக்குள் வந்துவிட்டது. நீனா பேலி 2008 இல் எடுத்த 'சீதா சிங்ஸ் த புளூஸ்' என்ற கார்ட்டூன் படத்தில் மூன்று நிழற்பாவைகள் குந்தியிருந்து கதை பேசுகின்றன. இராவணன் அவ்வளவு கெட்டவனா என்ற பேச்சு அங்கேயும் வருகிறது. படித்தவன், பக்தன், அவளைப் பலவந்தப்படுத்தவில்லையே என்று எங்கள் பட்டிமன்றப் பேச்சாளர் சொல்வதைத்தான் அவையும் சொல்கின்றன.

இந்த வழக்கில் இரண்டு மனுக்கள் ஒரே கடதாசியில் எழுதப்பட்டிருப்பதுதான் முதல் சிக்கல். ஒன்று இரக்கம் கேட்கிறது. மற்றது மீட்சி கேட்கிறது. இரக்கத்தைக் கொடுப்பது பார்க்கிற நாங்கள். அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை, படைத்தவன் நன்றாகப் படைத்திருந்தால் போதும். மீட்சி அப்படியல்ல. அதற்கு அவன் எதையாவது செய்திருக்க வேண்டும்.

இரக்க மனுவைக் கம்பன் எப்போதோ ஒப்பேற்றிவிட்டான். சீதையைப் பார்க்காமலே, தங்கை சொன்ன வர்ணனையைக் கேட்டே ஆசைப்பட்டுப் படுக்கையில் புரளும் இராவணனைப் பாருங்கள். குளிர்காலம் சுடுகிறது என்று பருவத்தையே மாறச் சொல்கிறான், மாறுகிறது. நிலவை வரச் சொல்கிறான், வருகிறது. அதுவும் சுடுகிறது, போகச் சொல்கிறான், போகிறது. சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். அண்டத்தில் எல்லாமே சொன்ன சொல் கேட்டுப் பழக்கப்பட்டவன் இவன். 'மாட்டேன்' என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ஆளுக்கு இரங்கலாம். கடைசியில் மண்டோதரி அவன் உடம்பின் மேல் விழுந்து அழும் இடத்தில் இரங்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆகவே அந்த மனு ஏற்கப்படுகிறது. மற்றதற்கு வருவோம்.

இராவணன் தரப்பின் பெரிய வாதம், அவன் சீதையைத் தொடவில்லை என்பது. வால்மீகியில் தொடுகிறான். ஒரு கையால் கூந்தலையும் மறு கையால் தொடையையும் பிடித்துத் தூக்குகிறான். தொடாமல், குடிசையோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதாக மாற்றியது கம்பன். யாருக்காக மாற்றினான்? சீதையின் மேல் அந்நியன் கை படக்கூடாது என்ற தமிழ் மனதுக்காக. சீதைக்காகச் செய்த திருத்தத்தை எடுத்து இராவணனுக்கு நற்சான்றுப் பத்திரமாகக் கொடுத்திருக்கிறார்கள் ரசிகர்கள். கம்பனும் அவனை அப்படிச் சும்மா விடவில்லை. தன்னை விரும்பாத பெண்ணைத் தொட்டால் அழிவான் என்று ஒரு சாபம் பழைய குற்றத்துக்காக அவன் தலையில் இருக்கிறது. அது நினைவுக்கு வந்துதான் தொடாமல் தூக்குகிறான். பயத்தில் விலகி நின்றவனுக்குக் கண்ணியவான் பட்டம் கொடுக்க முடியாது. வால்மீகியில் அவன் கொடுக்கும் தவணையையும் மறந்துவிடக் கூடாது: இன்னும் இரண்டு மாதத்தில் இணங்காவிட்டால் காலைச் சாப்பாட்டுக்கு உன்னை வெட்டிச் சமைப்பார்கள் என்கிறான். இந்திரசித்து இறந்த துக்கத்தில் வாளை உருவிக்கொண்டு சீதையை வெட்டவே ஓடுகிறான், அமைச்சன் ஒருவன் இடைமறித்துத் திருப்புகிறான். 'தொடவில்லை' என்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிப் போகிறார்கள்.

தங்கையின் மூக்கை அறுத்ததற்குப் பழிவாங்கினான் என்ற வாதத்தில் நீதி உண்டு. அறுத்தவன் இலக்குவன், வால்மீகியில் அறுக்கச் சொன்னவன் இராமன். கவர்ந்து வந்தது சீதையை. வாதம் அந்த இடத்திலேயே விழுகிறது.

இனித்தான் இந்த வழக்கின் கனமான இடம். முதல் நாள் போர். தேர் இல்லை, ஆயுதம் இல்லை, முடி விழுந்து இராவணன் வெறுங்கையோடு நிற்கிறான். கொல்லலாம். இராமன் கொல்லாமல், போய்விட்டு நாளைக்கு வா என்று அனுப்புகிறான். ஒரு வில்லன் திருந்துவதற்கு இதைவிட வாய்ப்பான இரவை எந்தக் கதாசிரியனும் கட்ட முடியாது. எதிரியிடம் உயிரைக் கடனாக வாங்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து போகிறான். கம்பன் அவன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கிறான். உள்ளே வெட்கம் நிறைந்து கிடக்கிறது. எதற்கு? வானவர் சிரிப்பார்களே என்பதற்கல்ல, பகைவர் சிரிப்பார்களே என்பதற்குமல்ல, சீதை கேள்விப்பட்டுச் சிரிப்பாளே என்பதற்கு. அவளுக்கு என்ன செய்துவிட்டேன் என்ற ஒரு நினைவு அந்த நடை முழுவதும் வருவதில்லை. வெட்கம் வந்தது, வருத்தம் வரவில்லை. இரவு விடிவதற்குள் தம்பியை எழுப்ப ஆள் அனுப்புகிறான்.

எழுந்து வந்த கும்பகருணன் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். போர் மூண்டுவிட்டதா என்று கேட்டுவிட்டு, அந்தச் சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்கிறான். வீடணன் அறம் சொன்னான், அங்கதன் தூது வந்தான், பிற்பாடு இந்திரசித்தே அவள் மேல் உள்ள ஆசையை விடுங்கள் என்று தகப்பனுக்குச் சொன்னான். கும்பகருணன் மட்டும் அவள் நிலைமையை முதலில் விசாரித்தான். விசாரித்தவன் அண்ணனை விட்டுப் போகாமல் களத்தில் செத்தான். இலங்கை முகாமில் மீட்சிக்குத் தகுதியான ஆளைத் தேடினால் இவன்தான் அகப்படுகிறான். ரசிகர்கள் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

மீட்சியை எதை வைத்து அளப்பது? எங்கள் ஊர் அளவுகோல் ஒன்று இருக்கிறது. இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மையித்தின் மகனோ சகோதரனோ எழுந்து நின்று சொல்வார்: எங்கள் வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் எங்களிடம் கேளுங்கள், யாருடைய மனமாவது நோக நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள். இறைவனுக்குச் செய்த பிழையை இறைவனிடம் அழுது தீர்க்கலாம். மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதனிடம்தான் தீர்க்க வேண்டும். பிழையை விட வேண்டும், மனம் வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும், பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பயான் என்னும் மார்க்க உரையில் சிறுபிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கும் தவ்பாவின், அதாவது பாவமன்னிப்புத் தேடுவதின், நிபந்தனைகள் இவை.

இதை வைத்துப் பார்த்தால் சைவ மரபு இராவணனுக்குக் கொடுத்த மன்னிப்பும் விளங்கும். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு வழமையாக இராவணனுக்கு ஒதுக்கப்பட்டது: கயிலையைத் தூக்கினான், பெருவிரலால் அழுத்தப்பட்டான், பாடினான், அருள் பெற்றான். உண்மையான மீட்சிதான். ஆனால் அது சிவனிடம் காட்டிய செருக்குக்கான மன்னிப்பு. சீதையின் கணக்கு வேறு ஏட்டில் இருக்கிறது, அங்கே ஒரு சதமும் கட்டப்படவில்லை.

இந்த அளவுகோல் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2005 முதல் 2008 வரை வந்த 'அவதார்' கார்ட்டூனில் சூக்கோ என்ற இளவரசன் வில்லனாக வந்து திருந்துகிறான். கட்சி மாறினால் போதும் என்று எழுதியவர்கள் விட்டுவிடவில்லை. அவன் துரோகம் செய்த கட்டாரா நெடுநாள் மன்னிக்க மறுக்கிறாள். அவளிடம் என்ன செய்தால் தீரும் என்று கேட்டு, செய்து, பிறகுதான் அவள் மன்னிப்பைப் பெறுகிறான். பிள்ளைகள் அந்தப் பாத்திரத்தை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று அப்போது புரிகிறது.

இராவணனுக்காகப் பேசிய தமிழ்ப் படைப்புகளையும் இதே தராசில் வைக்க வேண்டும். அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணன் மறுவிசாரணை கேட்டு வருகிறான். இரக்கமில்லாதவன் என்று என்னைச் சொன்னீர்களே, தாயை வெட்டிய பரசுராமனுக்கு இரக்கம் இருந்ததா என்று வரிசையாக ஆட்களை நிறுத்துகிறான். கூர்மையான நாடகம். நீதிமன்றம் பக்கச்சார்பானது என்று நிரூபித்துவிடுகிறது. குற்றவாளி நிரபராதி என்று நிரூபிக்கவில்லை.

புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946 இல் வந்தது. ஐந்து காண்டம், 3100 பாட்டு. 1948 இல் சென்னை அரசு தடை செய்து, 1971 இல்தான் தடை நீங்கியது. ஒரு காவியத்துக்குப் பயந்த அரசை எண்ணிச் சிரிக்கலாம். ஆரியப் பெருமை பேசிய காலத்துக்கு அந்த நூல் தேவையான எதிர்ப்பேச்சு என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் குழந்தை இராவணனை மீட்கவில்லை, குற்றப்பத்திரிகையைத் திருத்தி எழுதினார். குற்றத்தை எடுத்துவிட்டால் மீட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சுவது ஒரு நல்ல அரசன். நல்ல அரசர்கள் தமிழில் நிறையப் பேர். கம்பனின் இராவணன் ஒருவன்தான்.

மணிரத்னத்தின் 'ராவணன்' (2010) இன்னும் தந்திரமானது. காவலில் சீரழிக்கப்பட்ட தங்கைக்காக வீரையா, பொலிஸ் அதிகாரியின் மனைவி ராகினியைக் கடத்துகிறான். படம் முடியும்போது கணவன் சந்தேகப்படுகிறான், கடத்தியவன் பக்கம் அவள் மனம் சாய்கிறது. இங்கே சீதைக்கு வாய் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மகிழப் போனால், அந்த வாய் எதிரித் தரப்புச் சாட்சியாகத்தான் பயன்படுகிறது. கடத்தப்பட்டவளே மனம் இளகிவிட்டாளே, உனக்கென்ன என்று பார்வையாளனை மடக்குகிறார்கள். அவளிடம் அவன் என்ன திருப்பிக் கொடுத்தான் என்று படம் கேட்கவில்லை. விக்ரமின் நடிப்பும் சந்தோஷ் சிவன் படம்பிடித்த மழையும் அந்தக் கேள்வியை மறைத்துவிட்டன.

தீர்ப்புக்கு வருகிறேன். இரக்கம் உண்டு, முழுமையாக. மீட்சி இல்லை, அவன் கெட்டவன் என்பதற்காக அல்ல, அந்த மனுவில் அவன் கையெழுத்தே இல்லை என்பதற்காக. பக்தர்கள், புலவர்கள், இயக்குநர்கள், இரண்டு இனத்துத் தேசியவாதிகள் என்று எல்லோரும் அவனுக்காகப் போட்டிருக்கிறார்கள். அவன் ஒரு இடத்திலும் போடவில்லை.

இதே அளவுகோலை இராமன் பக்கம் திருப்பினால் அவனும் தப்ப மாட்டான் என்று இராவணன் தரப்பு எழுந்து நிற்கும். சரிதான். தீக்குளிக்கச் சொன்னவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கம்பனிலும் இல்லை. 'சாபவிமோசனம்' கதையில் புதுமைப்பித்தன் அந்த வழக்கை எடுத்து, அதைக் கேள்விப்பட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கி, தீர்ப்பும் சொல்லிவிட்டார். அது வேறு வழக்கு; அங்கே இராமனுக்கு எதிராக வரும் தீர்ப்பு இங்கே இராவணனுக்குப் பிணையாகாது. அடுத்த தடவை வழக்காடு மன்றம் வைக்கும் கழகத்தார் இரண்டு வழக்கையும் ஒரே மேடையில் எடுக்கட்டும். இரண்டிலும் வாதி சீதை. இராமனுக்கும் இராவணனுக்கும் சட்டத்தரணிகள் ஏராளம் இருக்கிறார்கள், அவளுக்கு ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு நோட்டீஸ் அடிக்கட்டும்.