பனிநிலம் ஆறாம் திணையா?

புலம்பெயர்ந்த தமிழர் படைத்துவரும் இலக்கியத்தைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் ‘ஆறாம் திணை’ என்னும் தொடர் இப்பொழுது தவறாமல் வந்து நிற்கின்றது. குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் என்னும் ஐந்தோடு ‘பனியும் பனி சார்ந்த நிலமும்’ ஆறாவதாகச் சேர்ந்துவிட்டது என்பது அத்தொடரால் சொல்லப்படும் கருத்து. 1983 ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் ஈழத்திலிருந்து கனடாவுக்கும் நார்வேக்கும் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று சேர்ந்தோர், அதற்குமுன் தமிழ்க் குடி பெருந்திரளாக வாழ்ந்திராத ஒரு குளிருக்குள் வீடு எடுத்தனர். எஸ். பொன்னுத்துரையும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்து 1994 இல் வெளியிட்ட புலம்பெயர்ந்தோர் கதைத் தொகுதிக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர் அமைந்தது. பனை விட்டு வந்த யாழ்ப்பாணம். பனி வந்து சேர்ந்த நாடு. ஓர் உயிர்மெய்யின் வேறுபாட்டில் இரண்டு உலகங்களை அடக்கிய பெயர் அது. 2001 இல் கவிஞர் சேரன் கொழும்பில் வெளியிட்ட தம் ஆங்கில ஆய்வுரைக்கும் ஆறாம் திணை என்று பொருள்படும் தலைப்பையே இட்டார்.

தொடர் அழகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் செவிக்கு இனியதாய் இருக்கும் காரணத்தால் ஒன்று இலக்கணம் ஆகிவிடாது. நம் ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எடுத்துச் சொல்லத் தொடங்கியிருப்பதால், திணை என்று தொல்காப்பியனார் எதனைச் சொன்னார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது கடமையாகின்றது.

திணை என்பது நிலம் மட்டும் அன்று. நிலமும் பொழுதும் சேர்ந்தது முதற்பொருள். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழின் பகுதி முதலியன கருப்பொருள். இவ்விரண்டுக்கும் மேலாக நிற்பது உரிப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என மக்கள் நெஞ்சின் ஒழுக்கம். பாடலுள் இம்மூன்றும் ஒன்றின் ஒன்று சிறந்து நிற்கும் என்றார் ஆசிரியர். பனிநிலத்துக்கு முதற்பொருள் உண்டு. கருப்பொருளும் எளிதில் கிடைக்கும்: மேப்பிள் மரம், அணில், பனி வாருகின்ற மண்வெட்டி, சறுக்காமல் இருக்கத் தெருவில் தூவும் உப்பு, இரவு முறைத் தொழிற்சாலை. (உமணர் வண்டியில் சென்ற நெய்தல் நிலத்து உப்பு இன்று கனடாவின் தெருக்களில் லாரியிலிருந்து கொட்டப்படுவதைக் கண்டால் சங்கப் புலவர் மகிழ்ந்திருப்பர்.) ஆயின் உரிப்பொருள் யாது? அங்கிருந்து வரும் கதைகளையும் கவிதைகளையும் படிப்போர்க்கு விடை கடினம் அன்று. பிரிவுதான். ஊரைப் பிரிதல், தாயைப் பிரிதல், மனைவியைப் பிரிதல், இறந்தோரின் உடலையும் காணாது பிரிதல். பிரிவுக்கு உரிய திணை ஏற்கெனவே ஒன்று இருக்கின்றது. அது பாலை.

பாலை என்றதும் நமக்குக் கொதிக்கும் மணலும் கள்ளியும் நினைவுக்கு வருகின்றன. இது பள்ளிக்கூடத்துப் படவிளக்கத்தால் வந்த குறை. தொல்காப்பியனார் நால்வகை நிலம் கூறினார். பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டபோது பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கினார். அதாவது பாலை ஓர் இடம் அன்று. இடத்துக்கு நேர்கின்ற ஒரு கேடு. இதனினும் வியப்பானது பொழுது பற்றிய செய்தி. நண்பகலையும் வேனிலையும் பாலைக்குக் கூறிய தொல்காப்பியனார், அத்துடன் நில்லாமல், பின்பனியும் அதற்கு உரித்து என்று தனியே ஒரு நூற்பா செய்தார். பின்பனியாவது மாசியும் பங்குனியும். வெயிலுக்கு உரிய திணைக்குப் பனியை ஏன் கொடுத்தார் என்று மாணவர் கேட்பதுண்டு. பனியும் சுடும் என்பது உழவர் அறிந்த செய்தி. நீலகிரியில் உறைபனி விழுந்த மறுநாள் தேயிலைக் கொழுந்து ‘கருகிவிட்டது’ என்றே மக்கள் சொல்கின்றனர். நனைந்தது என்றோ வாடியது என்றோ சொல்வதில்லை. பனியில் கருகும் தாமரை நம் இலக்கியத்தில் பழகிய உவமை. வெப்பத்தால் நிலம் கெட்டாலும் குளிரால் நிலம் கெட்டாலும் பிரிந்தவர் நெஞ்சுக்கு வேறுபாடு இல்லை என்பதை அந்த ஒரு நூற்பா காட்டிவிடுகின்றது. ஆகவே டொராண்டோவின் வெண்மை புதிய திணை அன்று; வெண்மை உடுத்த பாலை என்பதே என் துணிபு.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்நாட்டில் வாழ்கின்ற நமக்குத் தனிக் காரணமும் உண்டு. பனிநிலம் ஆறாவது என்றால் பால்மரக் காடு எத்தனையாவது? ரவாங்கையும் பத்து ஆராங்கையும் சூழ்ந்திருந்த தோட்டங்களில் நம் பாட்டன்மார் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, இருளில் மரம் சீவப் போயினர். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் பால் நன்றாக வடியும். அக்குளிர் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது; எனினும் தோட்டத்துப் பாட்டுகளில் அதுவும் குளிராகவே நின்றது. இந்நாட்டுக்குக் குளிர்காலம் என ஒன்று இல்லை. ஆனால் தோட்டத்துக்கு ஒரு ‘விண்டர்’ இருந்தது! ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு அளவில் ரப்பர் மரம் இலை முழுவதையும் உதிர்த்துப் புதுத்தளிர் விடும். துரைமார் இதற்கு ‘விண்டரிங்’ என்று பெயர் வைத்தனர். மரமோ பனியறியா அமேசான் காட்டிலிருந்து வந்தது. பெயர் மட்டும் துரையின் ஊரிலிருந்து வந்தது. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் எடைக்குக் கூலி வாங்குவோர் கையில் காசு குறையும். பனி ஒரு துளியும் விழாத மண்ணில் நம்மவர் கண்ட குளிர்காலம் அது. அதற்குத் திணை எண் கேட்டு எவரும் எழுதவில்லை. எண் கொடுக்காததால் அந்த வாழ்வு இலக்கியத்தில் இடம் பெறாமலும் போகவில்லை.

என் துணிபுக்கு எதிராகச் சொல்லத்தக்கவை இரண்டு உள. அவற்றை மறைப்பது முறையன்று. முதலாவது, பாலைத் தலைவன் திரும்பி வருவான். பொருள் முடித்து, குறித்த பருவத்தில் வருவேன் என்று சொல்லிச் செல்வதே அத்திணையின் உயிர்நாடி. புகலிடம் தேடிப் போனவன் எந்தப் பருவத்தைக் குறிப்பான்? இரண்டாவது இன்னும் வலியது. கடல் கடந்து செல்லும் பிரிவு பெண்ணோடு கூடியது அன்று என்பது தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு உரைகாரர் கொண்ட பொருள். பாலையின் அமைப்பே, செல்பவன் ஆண், இருப்பவள் பெண் என்பதில் நிற்கின்றது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். குடும்பமே கலமேறியபின் முல்லையில் இருந்து காத்திருப்பவள் யார்? இவ்விரண்டும் பாலையின் இலக்கணத்தை நீட்டித்துக் கொள்ள வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. ஆறாவதாக ஒன்றைப் படைத்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடாது என்பதையும் காட்டுகின்றன.

பெயர்ச் சிக்கலை விடுத்துப் பாட்டுக்கு வருவோம். குளிரைப் பாடுவது எப்படி? இதில் நெடுநல்வாடைக்கு நிகரான பாடம் நமக்கு இல்லை. அது அகமா புறமா என்னும் வழக்கைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நக்கீரர் குளிரை எங்கெங்கே காண்கிறார் என்று மட்டும் நோக்குக. இடையர் நெருப்பைக் கையில் ஏந்தியும் கன்னம் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவை தன் கன்றையே உதைத்து விலக்குகின்றது. இவை வெளியே. வீட்டுக்குள் வந்தால் இன்னும் நுட்பம்: சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கின்றது, கோடையில் வீசிய விசிறி முளையில் தொங்க, அதில் சிலந்தி நூல் பின்னியிருக்கின்றது, மேல்மாடத்துச் சாளரக் கதவுகள் சாத்திக் கிடக்கின்றன, குளிர்ந்த நீர்க் குடத்தை விட்டு எல்லோரும் தடவு நெருப்பை நாடுகின்றனர், ஆடல் மகளிர் யாழ் நரம்பை மார்பின் வெம்மையில் தடவிச் சுருதி கூட்டுகின்றனர். வெண்பனியைப் புலவர் கண்டவர் அல்லர். அவர் பாடிய வாடை இன்றைய கனடாத் தமிழனுக்கு இளவேனில் காற்றாகத் தோன்றும். ஆயினும் படிப்பவர்க்கு மெய் சிலிர்க்கின்றது. பயன்பட்ட பொருள் பயனற்றுத் தொங்குவதைக் காட்டியதால் வந்த சிலிர்ப்பு அது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், புகலிடக் கவிதைகளில் ஒரு பகுதி தேறாது என்று சொல்ல நேர்கின்றது. பனியைக் கண்டதும் கைம்பெண் வெள்ளைச் சேலை நினைவுக்கு வருகின்றது, போர்வை வருகின்றது, பிணத்துணி வருகின்றது. இவை பனியைப் பார்த்து எழுந்தவை அல்ல, வெண்மை என்னும் சொல்லைப் பார்த்து எழுந்தவை. வாயிற்படியருகே பனி உருகி வடியும் காலணிகள், ஊரிலிருந்து கொண்டுவந்து உடுத்தப்படாமல் பெட்டியில் கிடக்கும் பருத்திச் சேலை, கூரையிலும் தெருவிலும் ஓசை எழாமல் விழுந்துகொண்டே இருக்கும் விடியல் – மழை ஓசையோடு வளர்ந்த செவிக்கு இந்த அமைதி எத்தனை அச்சம்! – இவற்றை எழுதுவோர் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றனர். நிலைக்கப்போவது அவர்கள் எழுத்து.

பொழுதைப் பற்றிய செய்தி தனியே நோக்கத்தக்கது. மாலையும் யாமமும் வைகறையும் எற்பாடும் நண்பகலும் ஞாயிற்றை நம்பி நிற்பவை. நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் தமிழர் பலர் வேலை செய்தனர். அங்கே குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் ஞாயிறு அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை; கோடையில் அதுபோன்றே மறைவதில்லை. சிறுபொழுது என்னும் இலக்கணமே அங்கு இடிந்துவிடுகின்றது. மாலை வராத ஊரில் முல்லைக்காரி எப்பொழுது வருந்துவாள்? கேலியாகக் கேட்கவில்லை. நெடுநல்வாடையில் ஞாயிறு தோன்றாத நாளில் பெண்கள் தட்டில் இட்ட பிச்சி மொட்டு விரிவதைக் கண்டு மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகின்றனர். வீட்டுப் புறாக்களுக்கு அந்தப் பிச்சியும் இல்லை. இரவு பகல் தெரியாமல் மயங்கி, கட்டையின்மேல் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கின்றன. ஈழத்தில் பிறந்து கனடாவில் வாழ்ந்து 2015 இல் மறைந்த கவிஞர் திருமாவளவன், 2003 இல் தம் தொகுதி ஒன்றுக்கு ‘அஃதே இரவு அஃதே பகல்’ என்று பெயரிட்டார். எனக்கு அத்தலைப்பைப் படித்ததும் நக்கீரர் புறாக்களே கண்முன் வந்தன. அதற்குமுன் 2000 இல் வந்த அவருடைய தொகுதியின் பெயர் ‘பனிவயல் உழவு’. வயலும் உழவும் மருதத்தின் சொத்து. அவற்றை ஒன்றும் முளைக்காத பனியின்மேல் கொண்டுபோய் வைத்தபோது மருதம் தன் இயல்பு கெட்டுப் பாலை ஆயிற்று. இளங்கோவடிகள் முல்லைக்கும் குறிஞ்சிக்கும் சொன்னதை இவர் மூன்று சொற்களால் மருதத்துக்கும் ஆக்கிவிட்டார்.

வகுப்பறையில் எழும் இடர் ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். ரவாங்கில் படிக்கும் பிள்ளைக்கு மலாய்மொழி புல்லின்மேல் துளியை ‘எம்புன்’ என்றும், மூடும் மஞ்சை ‘காபுஸ்’ என்றும், வானிலிருந்து விழும் வெண்பனியைச் ‘சல்ஜி’ என்றும் பிரித்துக் கற்பிக்கின்றது. தமிழ் வகுப்புக்கு வந்தால் மூன்றும் பனி. தமிழில் சொல் இல்லையா என்று பிள்ளை கேட்கின்றான். மலாய்க்கும் அச்சொல் சொந்தம் அன்று. ‘தல்ஜ்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. நாமும் அவ்வாறே வடசொல்லின் வழிவந்த ‘இமம்’ என்பதை வைத்திருந்து, இமயத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஒருகாலத்தில் ‘ஸ்னோ’ என்றால் நம் பெண்கள் முகத்தில் பூசும் களிம்பு. இன்று கனடாத் தமிழர் பேச்சில் ‘ஸ்னோ கொட்டுது’ என்பது வழக்கு. எழுத்தில் வெண்பனி, உறைபனி, மூடுபனி என்று அடை கொடுத்துப் பிரிப்பது போதுமானது. ஆசிரியர்கள் அதனைத் தயங்காமல் செய்யலாம். ஆனால் அடைகொடுக்குமுன் பழைய சொல்லின் பொருள்களையும் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். பனி என்றால் கண்ணீர் என்றும் பொருள். பனித்தல் என்றால் நடுங்குதல், அச்சத்தாலும் நடுங்குதல். வெண்பனியைக் காணாத காலத்திலேயே இச்சொல்லுக்குள் குளிரும் நடுக்கமும் அழுகையும் சேர்ந்து கிடந்தன.

அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ முதற்பனி விழும் நாள் விளையாட்டு நாள். அவர்கள் எதனையும் பிரிந்து வந்தவர் அல்லர். பனி அவர்களுக்குப் பாலையாகத் தோன்ற வழியில்லை. பனிநிலத்துக்கென ஓர் உரிப்பொருள் உண்டாகுமானால் அவர்களிடமிருந்தே அது வரவேண்டும். அவர்களுள் எழுதுவோர் பலர் இப்பொழுது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நார்வே மொழியிலும் எழுதுகின்றனர்.