கைமாறும் அழைப்பு

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஒருவர் வழிநெடுகப் போனில் சண்டை போட்டுக்கொண்டே வருவார், பேச்சு அறுவதில்லை. கோபுரத்துக்குக் கோபுரம் அவர் அழைப்பு கைமாறிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் வலுவை அளந்து சொல்வது கைபேசி. மாறும் நேரத்தைத் தீர்மானிப்பது வலையமைப்பு. எனக்குப் பிடித்தது அதன் நிதானம். புதிய கோபுரம் லேசாக மேலோங்கினால் போதாது. குறிப்பிட்ட அளவு மேலாகச் சற்று நேரம் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே அழைப்பு பந்தாடப்படும். 3ஜியில் பழையதை விடாமலே புதியதைப் பற்றும் வசதி இருந்தது. 4ஜி விட்டுவிட்டுத்தான் தாவுகிறது; ஆனால் அந்த இடைவெளி காதுக்கு எட்டாத அளவு சிறியது. இடையில் வந்த தரவையும் பழைய கோபுரம் புதியதற்கு அனுப்பிவிடும். வீட்டு வைஃபையோடு வாசல் தாண்டும்போதுதான் இந்த நாசூக்கு அடிக்கடி தடுமாறுகிறது. ஒற்றைக் கோடாகத் தேய்ந்த வைஃபையைக் கைபேசி லேசில் விடுவதில்லை.