நம்பிக்கையும் எதிர்நோக்கும்

நிலைத்து நிற்பன மூன்று என்பர் பவுலடியார். பழைய தமிழ் வேதாகமம் அவற்றை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என வழங்கிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கின்றது. இரண்டாவதற்கு உரியதாயிருந்த சொல் முதலாவதற்குச் சென்றுவிட்டது.

இம்மாற்றம் ஏற்புடையதா? காணாததற்குப் பொறுமையுடன் காத்திருத்தலை உரோமையர் திருமுகம் (8:24–25) இக்குணத்தின் இயல்பாகக் கூறுதலின், எதிர்நோக்கு என்பது மூலத்துக்கு அண்மையதே. இவ்வகையில் புதிய பெயர்ப்பு பாராட்டுக்குரியது.

ஆயின், மாத்தளைத் தோட்டங்களிலிருந்து நோக்குவார்க்கு ஒரு குறை புலனாகும். மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்தோர்க்கு வழிசெய்த சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. அவ்விடைக்காலத்தில் அம்மக்கள் வாளா எதிர்நோக்கியிருந்தாரல்லர். 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. வாக்கற்ற பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். “மகன் தேறுவான் என்ற நம்பிக்கை இருக்கு” எனத் தோட்டத்துத் தாய் கூறுங்கால், பற்றுறுதி, எதிர்பார்ப்பு, உழைப்பு மூன்றும் அவ்வொரு சொல்லில் அடங்குகின்றன.

புதிய சொல் நுட்பம் பெற்றது. வீட்டு மொழியினின்று விலகியது. அவ்விடைவெளியை நிரப்புதல் அகராதியின் பணியன்று. ஆலயத்திற் போதிப்போரின் கடன். வயிற்றுப்பாட்டையும் உரிமையையும் தீண்டாத எதிர்நோக்கு, வாசகத்தில் மட்டுமே நிலைத்து நிற்கும்.