சுருங்கிய விதையின் முதல் மூன்று வாரம்

அதி இனிப்பு ஸ்வீட் கார்னின் விதை பார்வைக்கு எடுப்பாக இராது. தீவன மக்காச்சோள விதையைப் போல் திரண்டு மினுங்காமல், வற்றி ஒடுங்கிக் கிடக்கும். அந்த ஒடுக்கமும் கதிரின் இனிப்பும் ஒரே காரணத்தால் வருபவை: சர்க்கரை மாவாக மாறும் வழியை ஒரு மரபணு மாற்றம் பாதியில் அடைத்துவிடுகிறது. அத்தகைய மணிகளில் சர்க்கரை மிகுந்திருப்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃப்னன் 1953இல் எழுதினார். இந்த ரகங்கள் அந்த வழியில் வந்தவை. மாவு குறைந்தால் நாற்றுக்குத் தாய்வீட்டுச் சீர் குறைவு. ஆகவே இந்தப் பயிரில் உழவரின் தேர்ச்சியைக் கதிரில் தேடுவதைவிட, ஊன்றிய முதல் மூன்று வாரங்களில் தேடுவதே சரி என்பேன்.

ஆழமாக ஊன்றினால் வேர் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். மக்காச்சோளத்தின் அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. விதை சற்று ஆழத்தில் கிடந்தாலும், அதிலிருந்து ஒரு வெண்தண்டு மேலே நீண்டு, நிலையான வேர்கள் புறப்படும் கணுவை மண்மட்டத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கீழே கொண்டுவந்து வைக்கிறது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! ஆழம் கூடக்கூட, இருக்கிற கொஞ்ச மாவும் அந்தத் தண்டை நீட்டுவதிலேயே கரையும். 3 செ.மீ. போதும், மண் வெதுவெதுப்பாக, பிடித்தால் உருண்டையாகி விட்டால் உதிரும் ஈரத்தில் இருக்க வேண்டும். சுருங்கிய விதை நீரை வேகமாக உறிஞ்சும்போது உள்ளே செல்கள் கிழிந்து சர்க்கரை கசியும். அதைத் தேடிப் பூஞ்சை வரும். ஊன்றிய பின் உயிர்த்தண்ணீர் விடுகிறவர் மடை திறப்பதிலும் அளவு காட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

விதைநேர்த்தி செய்த வீரிய ஒட்டு விதைக்கு இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். மருந்து பூஞ்சையைத் தடுக்கும், மாவைக் கூட்டாது. முனை மழுங்கிய முதல் இலைக்குப் பின் கூர்முனை இலைகள் வரும். மூன்றாவது விரியும் தறுவாயில் விதையின் சேமிப்பு தீர்ந்துவிடும். புது வேரோ இன்னும் முழுதாகக் கைகொடுக்காது. அப்போது வெளிர்மஞ்சள் தட்டினால், உடனே யூரியாவை வீசாமல் ஒரு நாற்றைத் தோண்டி வேரைப் பார்ப்பவரே எனக்குக் கலைஞர். குழித்தட்டில் வளர்த்து நடலாமே என்றால், கோடை குறுகிய இங்கிலாந்தில் அது நியாயம். சூடான மண்ணில் நேரடியாக ஊன்றுவதே மேல், மக்காச்சோள வேர் இடமாற்றத்தை விரும்பாது. முளைக்காத இடங்களில் மறுபடி ஊன்றிப் பாடுவாசி நிரப்புவதையும் தள்ளிப்போடக் கூடாது. பிந்திய நாற்று முந்தியதன் நிழலிலேயே நின்றுவிடும். படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்த 2018க்குப் பிறகு, அதற்காகக் குருத்தைப் பிரித்துப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்துவிட்டது. ஐந்தாறு இலை வரை வளர்நுனி மண்ணுக்குள்ளேயே இருப்பதால், மேலே ஓரிலை கிழிந்தாலும் பயிர் மீளும். ஆறாம் இலை விரிகையில், முழங்கால் உயரம்கூட எட்டாத அந்தப் பயிரின் தண்டுக்குள் ஆண்பூங்கொத்து கண்ணுக்குத் தெரியாத அளவில் உருவாகத் தொடங்கியிருக்கும்.