பத்திரிகையின் முகம்

கன்னிவாடியில் இருந்துகொண்டு சிறுபத்திரிகை பற்றி எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. தெற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம்போல் போனால் வத்தலகுண்டு. 1896இல் 'பிரபுத்த பாரத'த்துக்கு ஆசிரியரான பி. ஆர். ராஜமய்யர் அந்த ஊர். 1935இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக்கிய பி. எஸ். ராமையாவும் அந்த ஊர். 1959 ஜனவரியில் 'எழுத்து'வை ஆரம்பித்த சி. சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். மண்ணின் மகிமை பேச இதைச் சொல்லவில்லை. மூவருமே பத்திரிகை நடத்தியது சென்னையில்.

சமீபத்தில் நண்பர் ஒருவர் தன் புதுப் பத்திரிகையின் முதல் இதழை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார். நல்ல தாள், சுத்தமான அச்சு, பெயர் தெரிந்தவர்களின் கவிதைகள், இரண்டு மொழிபெயர்ப்புகள். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அட்டையைக் கிழித்துவிட்டுக் கையில் கொடுத்தால் இது எந்தப் பத்திரிகை என்று என்னால் சொல்ல முடியாது. அப்படியே எழுதினேன். 'நல்லதாகத்தானே தேர்ந்து போட்டிருக்கிறேன்' என்று வருத்தத்தோடு பதில் வந்தது.

நல்லதைத் தேர்ந்தெடுத்தால் பத்திரிகைக்கு முகம் வந்துவிடுமா? இந்தக் கேள்வியோடு 'எழுத்து' பழைய இதழ்களைத் திரும்பப் படித்தேன். லேசில் படிக்கக்கூடிய பத்திரிகை அல்ல அது. செல்லப்பாவின் உரைநடை கரடுமுரடு. ஒரு கதையை அலச உட்கார்ந்தால் வாசகன் களைத்த பிறகும் விடமாட்டார். ஆனாலும் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் 'எழுத்து' என்று தெரிந்துவிடுகிறது.

செல்லப்பா சிறுகதைக்காரர், பத்திரிகை ஆரம்பித்ததோ விமர்சனத்துக்காக. கவிதை அவர் திட்டத்தில் பிரதானமாக இருக்கவில்லை. முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' மறுபிரசுரமாக வந்தது. அதன் பின் நடந்தது அவர் எதிர்பார்த்திராத காரியம். திருகோணமலையிலிருந்து, இருபதை ஒட்டிய வயதில், தருமு சிவராமு எழுதுகிறார். நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி. சி. மணி, எஸ். வைதீஸ்வரன். 1962இல் 24 பேரின் 63 கவிதைகள் 'புதுக்குரல்கள்' என்று தொகுதியாகின்றன. தான் போட்ட கோட்டை வாசகர்கள் வளைத்தபோது செல்லப்பா வளைய விட்டார். அவரைப் பிடிவாதக்காரர் என்றே கேட்டுப் பழகிய நமக்கு இது கண்ணில் படுவதில்லை.

வெங்கட் சாமிநாதன் விஷயமும் இப்படித்தான். வடக்கே அரசாங்க வேலையிலிருந்து கடிதம் எழுதிய ஒரு வாசகர் அவர். தமிழ்க் கலையுலகம் முழுவதையும் பாலை என்று சாடும் 'பாலையும் வாழையும்' கட்டுரைக்கு 'எழுத்து'வில் இடம் கிடைத்தது. அதன் ஒவ்வொரு வரியோடும் செல்லப்பா உடன்பட்டிருப்பார் என்று நினைக்க வழியில்லை. க. நா. சு.வோடு உடன்படவே முடியவில்லை. அலசாமல் தீர்ப்புச் சொல்வது க. நா. சு.வின் வழி, 1963இல் 'இலக்கிய வட்டம்' என்று தனியே போனார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று மற்றதன் முகத்தைத் துலக்கிக் காட்டுகிறது. 1970இல் வந்த 'கசடதபற'வுக்கு, வல்லின மாத ஏடு என்று சொல்லிக்கொண்டதிலேயே பாதி முகம் வந்துவிட்டது. மீதியை ஞானக்கூத்தனின் கிண்டல் கொடுத்தது.

செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்பதைக் கூட்டங்களில் கண் கலங்கச் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் தியாகக் கதையைச் சொல்லிவிட்டு, அந்தப் பத்திரிகையைப் படிக்கும் சிரமத்திலிருந்து நழுவிக்கொள்கிறோம் என்பது என் சந்தேகம். எத்தனையோ பேர் கைக்காசை இழந்து பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். எல்லாம் 'எழுத்து' ஆகிவிடவில்லை.

நண்பரின் இதழில் ஆசிரியர் பக்கம்கூட இல்லை. அதில் உள்ள ஒரு கவிதையோடாவது அவருக்குச் சண்டை உண்டா என்று கேட்டு மறுபடி எழுதினேன். உண்டாம், மரியாதைக்காக எழுதவில்லையாம். என் இரண்டு கடிதங்களையும் தன் பதிலோடு அடுத்த இதழில் போடச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறார்.